ஓடும்ணே, நிக்காது

இந்தியத் தரைப்படையில் 'கிராஃப்ட்ஸ்மேன்' என்று ஒரு பதவி உண்டு. காலாட்படையில் சேரும் புதுப்பையன் சிப்பாய். பீரங்கிப் படையில் சேர்ந்தால் கன்னர், பொறியாளர் படையில் சாப்பர். லாரியும் டாங்கியும் ரேடாரும் பழுதுபார்க்கிற ஈ.எம்.ஈ. படையில் சேர்ந்தால் கிராஃப்ட்ஸ்மேன். தோளில் பட்டை இல்லாத கடைசிப் படிக்குப் பெயரே 'கைத்தொழில்காரன்' என்பதுதான். இதற்குச் சரியான தமிழ்ச்சொல்லை நான் அகராதியில் தேடவில்லை. ஐ.டி.ஐ. சேர்க்கை நோட்டீஸில் கிடைத்தது: 'கம்மியர் மோட்டார் வாகனம்'. அரசாங்கத் தமிழ் என்று நாம் சிரிக்கிற சொற்களில் ஒன்று. ஆனால் கம்மியன் என்பது மிகப் பழைய சொல், கையால் தொழில் செய்து பிழைப்பவன் என்று பொருள். கிராஃப்ட்ஸ்மேனுக்கு அதைவிடப் பொருத்தமாக ஒன்று எனக்கு இதுவரை அகப்படவில்லை.

அப்படிப்பட்ட கம்மியர்களை உருவாக்கும் ஒரு பயிற்சி பட்டாலியனுக்கு நான் சி.ஓ.வாக இருந்தேன். செகந்திராபாத்திலும் போபாலிலும் ஈ.எம்.ஈ. சென்டர்கள் இருக்கின்றன. நான் இருந்தது அவற்றில் ஒன்றில். ஊருக்கு வந்து இதைச் சொன்னால் சாக்கோட்டைப் பையன்கள் முகம் கொஞ்சம் வாடிவிடும். "அப்ப நீங்க சண்டை போடலியா சார்?" என்பார்கள். பட்டாலியன் என்றால் மலையுச்சி, கொடி, துப்பாக்கி என்று சினிமா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறது. கிரீஸ் டப்பாவோடு ஒரு பட்டாலியனை அவர்களால் கற்பனை செய்ய முடிவதில்லை.

அந்த பட்டாலியன் உண்மையில் என்ன சொல்லிக்கொடுக்கிறது என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். இன்ஜினைப் பிரிக்கவும் பூட்டவும் சொல்லிக்கொடுக்கிறது, சரி. அதை நல்ல பட்டறை எதுவும் செய்யும். பட்டாலியன் செய்யவேண்டிய வேலை வேறு. உத்தரவுக்கு 'ஜி சாப்' சொல்லப் பழக்கப்பட்ட ஒரு பத்தொன்பது வயதுப் பையனை, தேவைப்படும்போது, தன்னைவிட எத்தனையோ படி மேலே நிற்கிற ஒருவரின் முகத்தைப் பார்த்து 'இந்த வண்டி ஓடாது' என்று சொல்லவைப்பது. ராணுவத்தில் இதைவிடக் கஷ்டமான பாடம் ஏதாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

*

எனக்கு இந்தப் பாடம் ராணுவத்துக்கு முன்பே கிடைத்தது. சாக்கோட்டையிலிருந்து பக்கத்தில்தான் புதுவயல். அரிசி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். அப்பா அந்த ஆலை லாரிகளுக்கு ஃபிட்டர். கம்பெனி, போர்டு எதுவும் கிடையாது. ஒரு வேப்பமரம், ஒரு கொட்டகை, தகரப்பெட்டி நிறைய ஸ்பேனர். அறுவடை நேரத்தில் லாரி ஒருநாள் நின்றால் முதலாளிக்கு நஷ்டம். அவசரத்துக்கு வந்து நிற்பார்கள்.

ஒருமுறை ஒரு முதலாளி, "வண்டி ஓடுமா ஓடாதா, அதை மட்டும் சொல்லுய்யா" என்று கத்தினார். அப்பா அடியிலிருந்து வெளியே வந்து, கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்:

"ஓடும்ணே. நிக்காது."

பிரேக் ட்ரம் தேய்ந்து, ஷூ பிடிக்காமல் இருந்தது. அந்த மூன்று சொல்லுக்கு மேல் அவர் எதுவும் பேசவில்லை. முதலாளி திட்டிவிட்டு ட்ரம்மை கடைசலுக்கு அனுப்பினார். ஒரு பழுதைச் சொல்வதற்கு அதைவிடச் சுருக்கமான, மரியாதையான வழியை எந்த ராணுவக் கையேட்டிலும் நான் படித்ததில்லை. அந்த 'அண்ணே' முக்கியம். மறுப்பு இருந்தது, அவமரியாதை இல்லை.

பிறகு பொறியியல் படித்து, பரங்கிமலையில் ஆபீசர் பயிற்சி முடித்து, ஈ.எம்.ஈ. படைக்குப் போனேன். "லாரி ஃபிட்டர் மவன் லாரி ஃபிட்டராவே போயிட்டான்" என்று ஊரில் கேலி செய்தார்கள். அப்பாவுக்கு மட்டும் அது கேலியாகப் படவில்லை.

*

இந்தப் படை எப்படி வந்தது என்பதிலேயே பாடம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் ராணுவத்தில் வண்டி பழுதுபார்ப்பவர்கள் ஆளுக்கொரு பிரிவில் சிதறிக் கிடந்தார்கள். நல்ல மெக்கானிக்கைக் கொண்டுபோய்க் காவல் வேலைக்கு நிறுத்துவதும் நடந்தது. தொழில் தெரிந்தவர்களை ராணுவம் வீணடிக்கிறதா என்று ஆராய 1941ல் ஒரு குழு போட்டார்கள். தலைவர் வில்லியம் பெவரிட்ஜ். பிற்பாடு பிரிட்டனின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கு அடித்தளம் போட்ட அதே பெவரிட்ஜ்தான். தொழில்நுட்பக்காரர்களுக்கென்று தனிப்படை வேண்டும் என்றது குழு. 1942 அக்டோபரில் பிரிட்டனில் ஆர்.ஈ.எம்.ஈ. பிறந்தது. அடுத்த வருடம் இந்தியாவிலும் அதே மாதிரி ஒன்று. 1943 அக்டோபர் 15ஐ ஈ.எம்.ஈ. படை இன்றும் தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. அன்றைக்கு அதன் பெயரில் 'எலக்ட்ரிக்கல்' இருந்தது, பிற்பாடு அது 'எலக்ட்ரானிக்ஸ்' ஆனது. 'கர்ம் ஹீ தர்ம்' என்பது படையின் வாசகம். வேலைதான் அறம்.

1943 என்ற வருடம் செட்டிநாட்டுக்காரர்களுக்கு வேறொன்றையும் நினைவூட்டும். அதற்கு முந்தைய வருடம்தான் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. அங்கே கடை வைத்திருந்த நம் பக்கத்து ஆட்கள் கப்பல் கிடைத்தவர்கள் கப்பலிலும், கிடைக்காதவர்கள் அசாம் காடுகள் வழியே நடந்தும் வந்து சேர்ந்தார்கள். பின்வாங்கிய ராணுவமும் அதே பாதைகளில்தான் வந்தது, வண்டிகளை வழியில் விட்டுவிட்டு. 1944லும் 1945லும் பதினான்காம் ராணுவம் இம்பால், கொஹிமாவிலிருந்து மாண்டலேவுக்கும் ரங்கூனுக்கும் திரும்பப் போனபோது வண்டிகளைக் கூடவே கூட்டிப்போக வேண்டியிருந்தது. சேற்றிலும் மலையிலும் அவற்றை நகர்த்திக்கொண்டிருக்க ஆள் வேண்டும். 1939ல் சுமார் 2 லட்சம் பேராக இருந்த இந்திய ராணுவம் 1945ல் ஏறக்குறைய 25 லட்சமாகியிருந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து விவசாயிகள். மாட்டின் நடையைப் பார்த்து அதன் நோயைச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இன்ஜின் சத்தத்தைக் கேட்டு நோய் சொல்லக் கற்றுக்கொடுத்தார்கள். கொஞ்சம் யோசித்தால் அது அவ்வளவு தூரம் இல்லை.

*

2001 குளிர்காலம் முடியும் சமயம். லடாக்கில் ஒரு வொர்க்‌ஷாப்பில் கேப்டனாக இருந்தேன். ரேஷன் ஏற்றிக்கொண்டு ஒரு கான்வாய் கிளம்ப வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கணவாயில் வானிலை கெட்டுவிடும், அதற்குள் தாண்டியாக வேண்டும். கடைசிச் சோதனையில் எங்கள் ஹவில்தார் ஒருவர் ஒரு ஸ்டாலியன் லாரிக்குக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். எண்ணூர் அசோக் லேலண்ட் குடும்பத்து வண்டி. அங்கே நின்றிருந்த பொருள்களில் என் ஊருக்குக் கொஞ்சம் பக்கத்திலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

கான்வாய்க்குப் பொறுப்பான மேஜர் என்னைவிட சீனியர். கோபமாக வந்தார். ஹவில்தார் எதுவும் வாதாடவில்லை. வண்டியில் ஏறி, இன்ஜினை அணைத்து, பிரேக்கை மிதித்துப் பிடித்தபடி காற்றழுத்த மீட்டரைக் காட்டினார். முள் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஏர் பிரேக் வண்டியில் காற்றுதான் பிரேக். அதோடு, காற்று டாங்கில் சேரும் ஈரத்தைத் தினமும் வடிக்காவிட்டால் அந்தக் குளிரில் அது வால்வுக்குள் பனிக்கட்டியாகிவிடும். எங்கேயோ ஒரு வால்வு முழுசாக மூடவில்லை. சமவெளியில் என்றால் சாயந்திரம் பார்த்துக்கொள்ளலாம். இறக்கத்தில் அது வேறு கதை.

"மேலே பசங்க சாப்பாட்டுக்குக் காத்திருக்காங்க, கேப்டன்" என்றார் மேஜர். அவர் சொன்னதும் பொய்யில்லை. இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அவசரப்படுத்துகிறவர் பெரும்பாலும் கெட்டவராக இருப்பதில்லை. அவரிடமும் நியாயமான காரணம் இருக்கும்.

நான் ஹவில்தார் பக்கம் நின்றேன். சரக்கை மற்ற வண்டிகளுக்குப் பிரித்து ஏற்றினோம். இரண்டு மணி நேரம் போனது. கான்வாய் தாமதமாகக் கிளம்பி, வழியில் ஓர் இரவு தங்கி, மறுநாள் போய்ச் சேர்ந்தது. அவ்வளவுதான், கதையில் வேறு எதுவும் நடக்கவில்லை. அந்த லாரி போயிருந்தால் கவிழ்ந்திருக்குமா, பத்திரமாகப் போய் வந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தத் தொழிலின் சாபம் அதுதான். தவறாகச் சரியென்று சொன்னால் பள்ளத்தாக்கில் சாட்சி கிடக்கும். சரியாக மறுத்ததற்குச் சாட்சியே கிடையாது. தாமதம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

ராத்திரி புகாரியைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது அந்த ஹவில்தார் சொன்னார்: "சாப், நீங்க அந்தப் பக்கம் நின்னிருந்தா நான் இன்னொரு தடவ இல்லன்னு சொல்லியிருப்பேனான்னு தெரியல." பத்தொன்பது வருட சர்வீஸ் உள்ள மனுஷன். அவருக்கே அப்படியென்றால் புதுசாகச் சேர்ந்த பையனுக்கு எப்படி இருக்கும்?

பத்து வருடம் கழித்து பட்டாலியன் கையில் கிடைத்தபோது, அந்தக் கேள்வியைத்தான் நான் கொண்டுபோனேன்.

*

பயிற்சி பட்டாலியனில் சி.ஓ.வின் நாள் பெரும்பாலும் வீரமானது இல்லை. காலையில் பி.டி. மைதானம். சமையலறையில் பருப்பு தண்ணியாக இருக்கிறதா என்று கரண்டியைப் போட்டுப் பார்ப்பது. எவனுக்கு ஹிந்தி புரியாமல் பாடம் பின்தங்குகிறது, எவன் வீட்டில் அக்காவுக்குக் கல்யாணம், எவன் ராத்திரி போர்வைக்குள் அழுகிறான் என்று தெரிந்துவைத்திருப்பது. வொர்க்‌ஷாப் வாசலில் ஒவ்வொரு கையாகப் பார்ப்பது. மோதிரம், கையில் கட்டிய கயிறு, தளர்ந்த சட்டைக்கை, எதுவும் கூடாது. ஓடுகிற ஃபேன் பெல்ட்டுக்கு சாமி கயிறு என்று தெரியாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகக்கூடாது, ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்குக் கட்டை போட வேண்டும். இதை ஆயிரம் தடவை சொல்ல வேண்டும். ஆயிரத்தோராவது தடவையும் சொல்ல வேண்டும்.

பயிற்றுநர்களுக்கு அங்கே 'உஸ்தாத்' என்று பெயர். மே மாத வெயிலில் நின்றுகொண்டு அவர்கள் பனியைப் பற்றிப் பாடம் எடுப்பதைப் பார்க்க வேண்டும். 5,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான். இன்ஜினுக்கு மூச்சு முட்டும், கரும்புகை தள்ளும், இழுவை குறையும். தண்ணீர் 83 டிகிரி வாக்கிலேயே கொதிக்கும். டீசலில் இருக்கும் மெழுகு குளிரில் உறைந்து ஃபில்ட்டரை அடைக்கும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் லடாக்குக்குக் கொண்டுவந்ததே 2019 நவம்பரில்தான். ஈய அமில பேட்டரியின் திறன் மைனஸ் 20ல் பாதியளவுக்கு இறங்கிவிடும். பேட்டரி பாடம் வரும்போதெல்லாம் எனக்கு காரைக்குடி ஞாபகம் வரும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953 ஜனவரியில் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எங்கள் ஊருக்கு அடுத்தாற்போல் இருக்கிறது. வாழ்க்கையில் ஸ்வெட்டர் போடாத ஊரில் உட்கார்ந்துகொண்டு பேட்டரியை ஆராய்கிறார்கள். எங்கோ பனியில் ஒரு வண்டி கிளம்புவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று பையன்களிடம் சொல்வேன். தமிழ்ப் பையன்கள் மட்டும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பழுது கண்டுபிடிக்கும் பரீட்சையில் ஒரு வழக்கம் உண்டு. உஸ்தாதுகள் வண்டியில் வேண்டுமென்றே பழுது வைப்பார்கள். ஒரு ஃபியூஸை எடுத்துவிடுவது, டீசல் லைனில் காற்று விடுவது, இரண்டு வயரை இடம் மாற்றிச் சொருகுவது. பையன் குறிப்பிட்ட நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். நான் ஒரே ஒரு மாற்றம் கேட்டேன். வரிசையில் ஒரு வண்டியில் எந்தப் பழுதும் வைக்க வேண்டாம்.

முதல் தடவை அந்த வண்டிக்கு வந்தவர்கள் எட்டுப் பேர். ஏழு பேர் பழுது கண்டுபிடித்தார்கள். ஒருவன் நாசிலைக் குற்றம் சொன்னான், ஒருவன் செல்ஃப் மோட்டாரை. ஒருவன் நன்றாக இருந்த பெல்ட்டையே கழற்றி மாற்றிவிட்டான். அவர்கள் மக்குகள் இல்லை. உஸ்தாத் முகத்தைப் படித்துவிட்டார்கள். பரீட்சை என்றால் பழுது இருக்கும், மேலே இருப்பவர் எதையோ எதிர்பார்க்கிறார், அதைக் கொடுத்துவிடுவோம். வண்டியைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்கள்.

எட்டாவது பையன் அறந்தாங்கிப் பக்கம். ஹிந்தி தட்டுத்தடுமாறும். வண்டியை இரண்டு தடவை சுற்றிப் பார்த்தான், கிளப்பினான், அணைத்தான், அட்டென்ஷனில் வந்து நின்றான்.

"டீக் ஹை, சாப்."

"பக்கா?" என்றார் உஸ்தாத், புருவத்தைத் தூக்கி.

பையனுக்குத் தொண்டைக்குழி ஏறி இறங்கியது. "பக்கா, சாப்."

அப்புறம் தனியாகக் கூப்பிட்டுத் தமிழில் கேட்டேன், "எப்படிப்பா அவ்ளோ உறுதியா சொன்ன?"

"ரெண்டு தடவ பாத்தேன் சார். இல்லாதத எப்படி சார் சொல்றது?"

அவனுக்கு முழு மதிப்பெண். மற்ற ஏழு பேருக்கும் மறுபரீட்சை. ஏன் என்று எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினோம். இருக்கிற பழுதை மறைப்பவனும் இல்லாத பழுதைச் சொல்பவனும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். இரண்டு பேருமே இயந்திரத்தை விட்டுவிட்டு அதிகாரியிடம் பேசுகிறார்கள்.

*

இது ஒரு பட்டறை ஒழுக்கம் மட்டுமில்லை. 2022 பிப்ரவரி, மார்ச்சில் உக்ரைன் தலைநகர் கீவுக்கு வடக்கே ரஷ்ய ராணுவத்தின் 60 கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட கான்வாய் நாட்கணக்கில் நகராமல் நின்றதை நீங்கள் செயற்கைக்கோள் படங்களில் பார்த்திருப்பீர்கள். உக்ரைனியத் தாக்குதல், எரிபொருள் தட்டுப்பாடு, சேறு என்று காரணங்கள் பல. பராமரிக்கப்படாத டயர்களையும் ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். மாதக்கணக்கில் ஒரே நிலையில் வெயிலில் நிற்கிற வண்டியின் டயர் ஓரங்களில் வெடிக்கும். அதை நகர்த்தி வைக்க ஒரு ஆள் போதும். அந்தப் படங்களைப் பார்த்தபோது எனக்குத் தோன்றியது, எத்தனை ரெஜிஸ்டர்களில் 'வண்டி தயார்' என்று எழுதியிருக்கும் என்றுதான். கீழே ஒருவன் எழுதிய சின்னப் பொய், ஒவ்வொரு மேஜையாக மேலே ஏறும்போது கூட்டல் கணக்காகிவிடுகிறது. உச்சியில் இருப்பவர் தன்னிடம் ஒரு ராணுவம் இருப்பதாக நம்புகிறார்.

பயிற்சி முடிவில் கசம் பரேட் நடக்கும், பையன்கள் உறுதிமொழி எடுக்கும் நாள். அப்பா அம்மாக்கள் ரயிலேறி வருவார்கள், அவர்களுக்கு கௌரவ் பதக் என்று ஒரு பதக்கம் குத்தி விடுவோம். அணிவகுப்பு முடிந்ததும் அவர்களோடு டீ குடிப்பது என் வேலைகளில் எனக்குப் பிடித்தது. ஒரு அம்மா கேட்டார், "எம்மவன் நல்லா வேல செய்யிறானா அய்யா?" "நல்லா செய்யிறான்மா. முக்கியமா, தெரியலன்னா தெரியலன்னு சொல்றான்" என்றேன். அவர் முகத்தில் லேசான ஏமாற்றம். அதை எப்படிப் பாராட்டு என்று விளங்க வைப்பதென்று எனக்கு வழி தெரியவில்லை.

*

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நான்கு வருட சேவை, அதன்பின் 25 சதவீதம் வரை நிரந்தரம், மற்றவர்கள் ஊர் திரும்புவார்கள். இதன் அரசியலை மற்றவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். எனக்குள்ள கவலை சின்னது, தொழில் சார்ந்தது. கையில் தொழில் வர ஒன்றிரண்டு வருடம் போதும். மறுக்கும் தைரியம் வர எத்தனை வருடம் ஆகும்? நிரந்தரமாவோமா என்று தெரியாத பையன், தன் எதிர்காலத்தைத் தீர்மானிக்கப்போகிற அதிகாரியிடம் 'ஓடாது சாப்' என்று சொல்வானா? சொல்லலாம். சொல்ல வைக்கலாம். ஆனால் அதற்கு அவன் மேலே உள்ளவர்கள் முன்னைவிட நேராக நிற்க வேண்டியிருக்கும்.

ஊர் திரும்புகிறவர்களைப் பற்றியும் யோசிக்கிறேன். என் பட்டாலியனில் உஸ்தாதாக இருந்த நம் பக்கத்து ஹவில்தார் ஒருவர் ஓய்வுபெற்று வந்து இங்கே சின்னதாக ஒரு ஷெட் போட்டிருக்கிறார். போன வருடம் பார்க்கப் போயிருந்தேன். ஸ்பேனர்கள் அளவு வாரியாகப் பலகையில் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அதன் உருவம் பெயின்ட்டில். ராணுவம் விடுமா?

பேச்சுவாக்கில் சொன்னார். ஒரு ஸ்கூல் வேன் வந்ததாம். பின்சக்கர பிரேக் லைனில் கசிவு. உரிமையாளர் இப்போதைக்கு ஏதாவது செய்து அனுப்பு, லீவில் முழுசாகப் பார்க்கலாம் என்றிருக்கிறார். இவர் மாட்டேன் என்றுவிட்டார். வேனை வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த உரிமையாளருக்கு இன்னும் மூன்று வண்டி இருந்ததாம், அதுவும் போயிற்று.

"அப்புறம் வந்தாரா?"

"இல்ல சார். எங்க வருவாரு."

கொஞ்ச நேரம் டார்க் ரெஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "அங்கன்னா எனக்குப் பின்னாடி நீங்க இருந்தீங்க" என்றார்.

எனக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து என் வண்டியை அவரிடம்தான் விடுகிறேன், தெரிந்தவர்களிடமும் சொல்கிறேன். மூன்று வேனுக்கு அது ஈடாகாது என்று தெரியும். ஆனால் 'ஓடாது' என்று சொல்கிறவனுக்குப் பின்னால் நிற்பது சி.ஓ.வின் வேலை என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊரில் அந்த வேலைக்குத் தனியாக ஆள் கிடையாது. வண்டியைக் கொண்டுபோய் விடுகிற நாம்தான் அதைச் செய்ய வேண்டியிருக்கிறது.